பூப்பந்து அரங்கில் பாட்டுக் கச்சேரி

உலகச் சுற்றுப்பயணம் வரும் இசைக்குழுக்கள் பாடுகிற பெரிய உள்ளரங்குகளில் பெரும்பாலானவை பாட்டுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஆக்சியாத்தா அரேனா 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது. 2017 வரை அதற்குப் புத்ரா உள்ளரங்கம் என்று பெயர். பூப்பந்து ரசிகர்கள் அதை மலேசியப் பொதுப் போட்டி நடக்கும் இடமாகவே அறிவார்கள். ஏறத்தாழ 16,000 பேர் கொள்ளும் அந்த அரங்கத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பன்மடங்கு பெரிய திறந்தவெளித் தேசிய அரங்கம் இருக்கிறது. 2023 ஜனவரி 28இல் ஏ.ஆர்.ரகுமானும் அதே ஆண்டு நவம்பர் 22இல் கோல்ட்பிளே குழுவும் கச்சேரி நடத்தியது அந்தத் திறந்த அரங்கில். வடமேற்குச் சிலாங்கூரின் சபாக், சுங்கை பெசார், செகிஞ்சான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறவர்களுக்கு இரண்டும் 'புக்கிட் ஜாலில்' தான். ஒலிப்பொறியாளருக்கோ அவை முற்றிலும் வேறான இரண்டு கணக்குகள்: திறந்த அரங்கில் ஒலி தப்பித்துப் போய்விடுகிறது, மூடிய அரங்கில் போக மறுக்கிறது.

போக மறுக்கும் ஒலிக்கு இயற்பியலில் எதிர்முழக்கம் என்று பெயர். கைதட்டல் ஒன்று கூரையிலும் சுவரிலும் தரையிலும் மோதி, ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஆற்றலை இழந்து, பல்லாயிரம் தனித்தனி எதிரொலிகளாகச் சிதறிக் கடைசியில் அடங்குகிறது. ஒலி தன் அளவில் 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரமே எதிர்முழக்க நேரம். அதை முதலில் அளந்து சூத்திரமாக்கியவர் அமெரிக்கரான வாலஸ் சபின். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேச்சு எதுவும் புரியவில்லை என்ற புகார் 1895இல் அவரிடம் வந்தது. அந்தக் கூடத்தில் ஒரு சொல் ஐந்து நொடிக்கு மேல் சுழன்றது. பக்கத்து நாடகக் கூடத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயும் நிறுத்துக் கடிகாரமும் தன் காதுமாக உட்கார்ந்து அளந்தார். கூடத்தின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் சுருங்கும் என்பது அவர் கண்டது. கன மீட்டரில் உள்ள கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பின் சதுர மீட்டரால் வகுத்தால் நொடிக்கணக்கு கிடைக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் இந்தக் கணக்கை வைத்தே வடிவமைக்கப்பட்டது.

விளையாட்டு அரங்கம் இந்தச் சூத்திரத்தின் இரண்டு பக்கமும் தோற்கிற கட்டடம். கொள்ளளவு பெரியது; சுவரும் தரையும் இருக்கையும் கெட்டியானவை. கணக்குக்காக, 2,00,000 கன மீட்டர் கொண்ட ஓர் அரங்கில் 8,000 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், எதிர்முழக்கம் நான்கு நொடி. நிமிடத்துக்கு 120 தாளம் ஓடும் பாட்டில் அரை நொடிக்கு ஓர் அடி விழுகிறது. அப்படியானால் ஓர் அடி அடங்குவதற்குள் எட்டு அடிகள் அதன்மேல் விழுந்துவிடும். பூப்பந்துப் போட்டியில் இது குறையே இல்லை. ஆரவாரம் கூரை அதிர நிற்பதைத்தான் ஆட்டக்காரர்களும் விரும்புவார்கள். பாட்டில் முதலில் பலியாவது மெய்யெழுத்துகள். உயிரெழுத்துகள் நீண்டும் உரத்தும் ஒலிப்பவை. மெய்கள் குறுகியவை, மெலிந்தவை. முந்தைய அசையின் உயிரொலி இன்னும் காற்றில் தொங்கும்போது அடுத்த அசையின் 'க்', 'த்', 'ப்' வந்தால் அது மூழ்கிப்போகும். ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்டும் குறிகள் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான நுண்ணிய வேறுபாடுகளில் இருக்கின்றன. அந்தப் பகுதி கலங்கினால் மெட்டு கேட்கும், பாட்டுவரி கேட்காது. தமிழ்க் கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் 'சவுண்ட் சரியில்லை' என்று சொல்லும்போது பெரும்பாலும் சொல்லவருவது இதைத்தான். ஒலி போதாமல் இருந்திருக்காது. வேண்டாத ஒலி மிஞ்சியிருக்கும்.

இதற்கு மருந்தாக வருவது பார்வையாளர் கூட்டமே. உடுத்திய துணியோடு நிற்கும் ஒருவர் நடுத்தர அதிர்வெண்களில் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் திறந்த சன்னல் அளவுக்கு ஒலியை விழுங்குகிறார். மேற்சொன்ன கற்பனை அரங்கில் 10,000 பேர் நுழைந்தால் உறிஞ்சு பரப்பு 13,000 சதுர மீட்டராகி, எதிர்முழக்கம் இரண்டரை நொடிக்கு இறங்கும். பிற்பகலில் காலி அரங்கில் ஒலி சரிபார்க்கும்போது சகிக்க முடியாமல் இருந்தது இரவில் தேறிவிடுவதன் காரணம் இது. டிக்கெட் விற்காத கச்சேரி ஒலியிலும் மோசமாகத்தான் இருக்கும். காலியான மேல்தட்டு இருக்கைகளைக் கனத்த கறுப்புத் திரையால் மறைப்பது கேமராவுக்காக மட்டும் அன்று.

ஆனால் கூட்டம் எல்லா ஒலியையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. 40 ஹெர்ட்ஸ் அடிநாதத்தின் அலைநீளம் ஏறத்தாழ 8.7 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியுடையது மூன்றரை சென்டிமீட்டர். பின்னது சட்டை மடிப்பிலேயே தொலைந்துபோகும். முன்னதற்கு மனித உடல் ஒரு தடையே இல்லை. அது கூட்டத்தைச் சுற்றி வளைந்துபோய்ச் சுவரில் மோதித் திரும்பிவரும். டென்மார்க்கின் நீல்ஸ் அடெல்மன்-லார்சன் அந்நாட்டு ராக் அரங்குகள் இருபதை அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, இசைக்கலைஞர்களும் ஒலிப்பொறியாளர்களும் நல்லது என்று மதிப்பிட்ட அரங்குகளுக்குப் பொதுவாக இருந்த பண்பு ஒன்றைச் சுட்டியது: அவற்றில் 125 ஹெர்ட்ஸை ஒட்டி எதிர்முழக்கம் குறைவு. செவ்வியல் இசை மண்டபத்தின் இலக்கணம் இங்கே தலைகீழாகிறது. அங்கே அடிநாதம் கொஞ்சம் நீண்டு நின்றால்தான் செல்லோவுக்குக் கனம் கூடும். இங்கே மின்கித்தாரும் டிரம்மும் ஏற்கெனவே கனத்தோடு வருகின்றன.

அடிநாதப் பெட்டிகளை அடுக்கும் முறையிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பெரிய அலைநீளம் கொண்ட ஒலி எல்லாத் திசையிலும் பரவும், மேடைமேல் உட்பட. அதைத் தடுக்கச் சில பெட்டிகளைப் பின்னோக்கித் திருப்பி, அவற்றுக்குப் போகும் மின்குறியைத் தலைகீழாக்கி, சில மில்லிநொடிகள் தாமதப்படுத்துவார்கள். பின்பக்கம் போகும் அலையின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும். முன்பக்கம் இரண்டும் கைகோத்துப் போகும். ஒலியை ஒலியால் அணைக்கும் இந்த வித்தை பலிக்க, பெட்டிகளுக்கு இடையிலான தூரத்தை அளவுநாடா வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

காற்றும் கச்சேரியில் பங்கு பெறுகிறது. ஒலியை விழுங்கும் அளவில் ஈரக்காற்றும் உலர்காற்றும் ஒன்றல்ல. 8,000 ஹெர்ட்ஸ் ஒலி 15 பாகை செல்சியசில் 20 விழுக்காடு மட்டுமே ஈரப்பதம் உள்ள காற்றில் 100 மீட்டர் போவதற்குள் 20 டெசிபல் இழக்கிறது. 30 பாகையில் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் அதே தூரத்துக்கு இழப்பு ஆறு டெசிபல்தான். பொதுவாக நினைப்பதற்கு மாறாக, புழுக்கமான மலேசிய இரவு உச்சஸ்தாயிக்கு நல்லது. குளிர்நாட்டுச் சுற்றுகளை முடித்துக்கொண்டு வரும் குழு அங்கே வைத்த அமைப்பை அப்படியே இங்கே இயக்கினால், ஜால்ராவும் 'ஸ்' ஒலியும் காதைக் கிழிக்கும். உள்ளரங்கில் குளிரூட்டி காற்றை உலர்த்துகிறது. கதவு திறந்து கூட்டம் நுழைந்ததும் ஈரமும் வெப்பமும் ஏறுகின்றன. ஆகவே கச்சேரியின் முதல் பாட்டுக்கும் பத்தாவது பாட்டுக்கும் காற்று ஒன்றாக இருப்பதில்லை.

வெட்டவெளியில் காற்றின் வேலை இன்னும் வியப்பானது. சபாக் வட்டாரத்தின் நெல்வயல்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இது பழக்கமான அனுபவம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பகலில் அடிக்கும் உறுமி மேளம் கொஞ்சத் தூரத்தில் மங்கிவிடும். அதே மேளம் இரவில் பல கிலோமீட்டர் தள்ளியும் தெளிவாகக் கேட்கும். ஊர் அடங்கிவிடுவது பாதிக் காரணம். மீதி வெப்பநிலை. ஒலி சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகிறது. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கிய லோரி அந்தப் பக்கமாகவே திரும்புவதுபோல, ஒலியலையும் வேகம் குறைந்த பக்கமாக வளைகிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி வானத்தை நோக்கி வளைந்து போய்விடும். தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை முதலில் குளிர்ந்து நிலை தலைகீழாகிறது. மேலே போக வேண்டிய ஒலி மறுபடி தரைக்கே இறங்குகிறது. மலையோ மேடோ இல்லாத சமவெளியில் அதை மறிக்கவும் ஒன்றுமில்லை. திறந்த அரங்கக் கச்சேரியைப் பற்றிச் சுற்றுக் குடியிருப்பிலிருந்து வரும் புகார்கள் சில இரவுகளில் மட்டும் குவிவதற்கும் இந்த வளைவு ஒரு காரணம்.

இனி ஒலிபெருக்கிகள். 1965 ஆகஸ்ட் 15இல் நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு ஏறத்தாழ 55,600 பேர் முன்னால் பாடியபோது, அவர்களுக்கென்று செய்த 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களே மேடையில் இருந்தன. குரல்கள் அரங்கின் அறிவிப்பு ஒலிபெருக்கி வழியாகப் போயின. கூட்டத்தின் அலறலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு இதற்கு எதிர்முனைக்குப் போனது. ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகளை மூன்று மாடி உயரத்துக்குத் தங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர்போல் அடுக்கினார்கள். ஒலிவாங்கிக்குப் பின்னால் ஒலிபெருக்கி இருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி நுழைந்து மைக் ஊளையிடும். அதைத் தவிர்க்கப் பாடகருக்கு இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றுக்கொன்று எதிர்க்குறியில் இணைத்தார்கள். இரண்டிலும் ஒன்றுபோல் விழும் சுவரின் ஒலி கழிந்துபோகும். ஒன்றில் மட்டும் பாடப்படும் குரல் மிஞ்சும். அறிவார்ந்த அமைப்புதான், ஆனால் அதை ஊர் ஊராகச் சுமக்கும் செலவு குழுவைத் தின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுவர் கைவிடப்பட்டது.

இன்று மேடையின் இரு பக்கமும் வளைந்து தொங்கும் கறுப்பு வரிசைகள் 1992இல் பிரான்சின் கிறிஸ்டியன் ஹைலும் அவருடைய எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனமும் கொண்டுவந்த வி-டாஸ்க் அமைப்பின் வழிவந்தவை. தனிப் பெட்டி ஒன்றிலிருந்து கிளம்பும் ஒலி உருண்டையாக விரிகிறது. தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும். 10 மீட்டரில் நிற்பவருக்கும் 80 மீட்டரில் நிற்பவருக்கும் இடையே 18 டெசிபல் வேறுபாடு. பின்னால் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவரின் காது போய்விடும். பெட்டிகளை இடைவெளியின்றி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டு, எல்லாவற்றின் அலைகளும் ஒரே முகமாகச் சேரும்படி செய்தால், ஒலி உருளைபோல் விரியும். அப்போது இருமடங்கு தூரத்துக்கு இழப்பு மூன்று டெசிபல்தான். 10க்கும் 80க்கும் இடையே ஒன்பது. வரிசையின் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்து இந்தச் சலுகை ஓர் எல்லைக்கு மேல் தீர்ந்துவிடும். வரிசையின் அடிப்பகுதியை உள்நோக்கி வளைப்பது முன்வரிசைக்காரர்களுக்காக. மேற்பகுதி கடைசி இருக்கையைக் குறிவைக்கிறது. கூரையையும் எதிர்ச்சுவரையும் குறிவைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் ஆளில்லாத பரப்பில் விழும் ஒவ்வொரு டெசிபலும் எதிர்முழக்கத்துக்குத் தீனி.

கடைசி இருக்கைகளுக்குத் துணையாக அரங்கின் நடுவில் இன்னொரு தொகுதி ஒலிபெருக்கி தொங்கும். மின்குறி கம்பியில் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர்தான். 50 மீட்டர் தள்ளித் தொங்கும் துணை ஒலிபெருக்கி, மேடை ஒலி அங்கே வந்துசேரும் முன் 0.145 நொடிக்கு முந்திப் பாடிவிடும். ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். ஆகவே அதை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். எவ்வளவு என்பதில்தான் நுட்பம். ஒரே ஒலி இரு திசையிலிருந்து மிகச் சிறிய இடைவெளியில் வந்தால், மனித மூளை முதலில் வந்த திசையையே ஒலியின் இடமாக எடுத்துக்கொள்கிறது. பின்னால் வந்தது ஓரளவு உரக்க இருந்தாலும் தனியாகத் தெரிவதில்லை. 1949இல் ஹெல்முட் ஹாஸ் கோட்டிங்கனில் தம் ஆய்வேட்டில் விவரித்த இந்த விளைவு அவர் பெயரால் வழங்குகிறது. துணை ஒலிபெருக்கிக்கு 145 மில்லிநொடிக்குப் பதில் 155 அல்லது 160 வைத்தால், தலைக்கு மேல் தொங்கும் பெட்டியிலிருந்து வரும் குரல் தூரத்து மேடையில் நிற்கும் பாடகரின் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றும். ஆக, அரங்கக் கச்சேரியில் ஒலிப்பொறியாளர் கையாளும் முதன்மையான பொருள் உரப்பு அன்று, நேரம். எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது, எது வராமலே இருக்க வேண்டும் என்பதுதான் மொத்தத் தொழிலும்.

மேடைமேல் நிற்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. தங்கள் குரலை அரங்கின் எதிர்ச்சுவர் வழியாகக் கேட்டால் தாளம் தப்பும். அதனால் இன்று பெரும்பாலோர் காதுக்குள் பொருந்தும் சிறு ஒலிபெருக்கி அணிகிறார்கள். அதில் தாளத்துடிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரக்குறியோடு விளக்குகளும் திரைக்காட்சியும் பூட்டப்பட்டிருக்கும். ஆடிக்கொண்டே பாடும் பழக்கத்துக்கு வழி திறந்தவர் கலைப் பாப் இசையின் முன்னோடிகளில் ஒருவரான இங்கிலாந்தின் கேட் புஷ். 1979 சுற்றுப்பயணத்தில் கைகள் ஆட்டத்துக்கு வேண்டும் என்பதால், அவருடைய ஒலிப்பொறியாளர் சட்டை மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் அணியும் கம்பியில்லா ஒலிவாங்கி செய்துகொடுத்தார். நாற்பது ஆண்டு கழித்து, அதே மரபில் வரும் ஐஸ்லாந்தின் ப்யோர்க் 2019இல் தொடங்கிய கார்னுகோப்பியா நிகழ்ச்சியில், ஆரப் நிறுவனத்தின் ஒலியியலாளர்கள் வடிவமைத்த எதிர்முழக்க அறை ஒன்றை மேடைமேலேயே வைத்து அதற்குள் நின்று பாடினார். எல்லாரும் விரட்டப் பாடுபடும் முழக்கத்தை, தமக்கு வேண்டிய அளவில், வேண்டிய பாட்டுக்கு மட்டும் கையோடு கொண்டுபோகும் துணிச்சல் அது.

கூட்டம் ஒலியை விழுங்குவதோடு நிற்பதில்லை; தரையையும் ஆட்டுகிறது. நிமிடத்துக்கு 120 தாளத்துக்குக் குதிப்பவர்கள் தரையை நொடிக்கு இரண்டு முறை அடிக்கிறார்கள். நீண்ட தாங்குதளங்களின் இயல்பான அதிர்வெண் அதற்கு அருகில் இருந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு ஆட்டம் பெருகும். 1985 ஜூனில் சுவீடனின் கோத்தன்பர்க் நகர் உல்லேவி அரங்கில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் கச்சேரியின்போது, கூட்டத்தின் குதிப்பு அடியில் இருந்த களிமண் படுகையை அசைத்து அரங்கின் கட்டுமானத்தையே சேதப்படுத்தியது. சிலாங்கூரின் வடமேற்குக் கரையும் அதுபோல மென்மையான கடற்களிமண் பூமி. அங்கே பெரிய கட்டடம் எழுப்புவோர் ஆழத்தூண் இறக்கிய பிறகே மேலே போக முடியும். 2023 ஜூலையில் அமெரிக்காவின் சியாட்டலில் டெய்லர் ஸ்விஃப்ட் பாடிய இரண்டு இரவுகளிலும், அரங்கின் அருகே இருந்த நிலநடுக்கமானி 2.3 ரிக்டர் அளவு நடுக்கத்துக்கு ஒப்பான அதிர்வைப் பதிவுசெய்தது. நிலநடுக்கம் நொடிகளில் முடிந்துவிடும். இது மணிக்கணக்கில் நீடித்தது.

கடைசியாக ஒலி போய்ச்சேரும் இடம், காது. உட்செவியின் நத்தை எலும்புக்குள் பிறப்பிலேயே ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. மனிதரில் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. டெசிபல் அளவில் மூன்று கூடினால் ஆற்றல் இருமடங்கு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று கொண்டால், 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு, 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். கச்சேரியோ இரண்டு மணிக்கு மேல் ஓடும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, கேளிக்கை அரங்குகளில் கால்மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒலியளவைக் கண்காணிக்கவும், காதடைப்பான் வழங்கவும், ஒலியிலிருந்து ஒதுங்கி உட்கார அமைதியான இடம் வைக்கவும் கேட்கிறது. கச்சேரி முடிந்து வெளியே வரும்போது காது பஞ்சடைத்தாற்போல் இருப்பதும் ரீங்காரம் கேட்பதும் மயிரணுக்கள் களைத்துப்போனதன் அடையாளம். பெரும்பாலும் ஓரிரு நாளில் கேள்திறன் மீளும். ஆனால் சோதனையில் கேள்திறன் மீண்டதாகத் தெரிந்தாலும், அணுக்களை நரம்போடு இணைக்கும் முனைகள் சில நிலையாக அறுந்திருக்கக்கூடும் என்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இரைச்சலான இடத்தில் பேச்சைப் பிரித்தறியத் திணறுவது அதன் விளைவாக இருக்கலாம்.

கடையில் கிடைக்கும் சாதாரணப் பஞ்சுருளை அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாகவும் அடிநாதத்தைக் குறைவாகவும் வெட்டுவதால் பாட்டு மந்தமாகக் கேட்கும். இசைக்கென்று செய்யப்படும் வடிகட்டி அடைப்பான்கள் எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழ ஒரே அளவில், 10 முதல் 20 டெசிபல் வரை, தணிக்கின்றன. மலேசியாவில் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள இரைச்சல் ஒழுங்குவிதிகள் தொழிலாளர் காதுக்கு நாளொன்றுக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வைத்திருக்கின்றன. அவை பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மேடைத் தொழிலாளிக்கும் வாயிற்காவலருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு; டிக்கெட் வாங்கி அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் அந்த விதிகளுக்குள் வரமாட்டார்.